ஒரு ஃபார்வர்ட், 11 வருஷம்

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு விதி உண்டு. தண்ணீர் டேங்க், லிஃப்ட், துர்கா பூஜை வசூல், காணாமல் போன செருப்பு என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். அரசியல் கேலிப் படம் மட்டும் போடக் கூடாது. போட்டால் பத்து நிமிடத்தில் செக்ரட்டரி போன் செய்துவிடுவார். கோபமெல்லாம் படமாட்டார். "தாதா, அம்பிகேஷ் கேஸ் ஞாபகம் இருக்கட்டும்" என்று வங்காளத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எந்தக் கட்சியைக் கிண்டல் செய்த படமானாலும் இதே வசனம்தான்.

சமீபத்தில் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு இளம் குடும்பம் எங்கள் மாடியில் குடியேறியிருக்கிறது. அந்தத் தம்பி, "யார் சார் அந்த அம்பிகேஷ்?" என்று கேட்டார். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தச் சட்டத்தைத்தான் சுப்ரீம் கோர்ட்டே தூக்கிடுச்சே சார், இன்னும் எதுக்குப் பயப்படறாங்க?" என்றார். நியாயமான கேள்வி. கொல்கத்தாவிலோ மும்பையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க எதையாவது ஃபார்வர்ட் செய்துகொண்டிருக்கும் நம் எல்லோருக்கும் அதில் விஷயம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கதை. 2012 மார்ச் 14 அன்று ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி பட்ஜெட்டில் பயணிகள் கட்டணத்தை உயர்த்தினார். அவர் திரிணமூல் கட்சிக்காரர். கட்சித் தலைவி மம்தா பானர்ஜிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் திரிவேதி போய் முகுல் ராய் அமைச்சரானார். இந்த 'முகுல்' என்ற பெயர்தான் வினை. சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' (1974) பார்க்காத வங்காளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பூர்வஜென்ம நினைவில் தங்கக் கோட்டையைத் தேடிப் போகும் அந்தப் படத்துச் சிறுவனின் பெயரும் முகுல். அவனை அழைத்துப் போகும் வில்லன்கள், 'கெட்ட ஆள்' மறைந்துபோய்விட்டான் என்று அவனிடம் சொல்வார்கள். யாரோ ஒரு குறும்பர் அந்த வசனத்தை மம்தா, முகுல் ராய், திரிவேதி போட்டோக்களோடு ஒட்டி ஒரு படம் தயாரித்துவிட்டார். நம்மூர் பாஷையில் சொன்னால், கவுண்டமணி செந்தில் வாழைப்பழக் காட்சியில் மந்திரிகள் முகத்தை ஒட்டியது மாதிரி.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா அதை உருவாக்கவில்லை. அவருக்கு வந்தது. தான் குடியிருந்த நியூ கரியா கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் மெயில் முகவரியிலிருந்து மற்றவர்களுக்கு அனுப்பினார். அவர் அந்தச் சங்கத்தின் துணைச் செயலாளர். ஏப்ரல் 12 இரவு ஒரு கூட்டம் அவரை மடக்கியது. அடித்தார்கள். கட்சி சார்பை ஒப்புக்கொள்வது போல எழுதி வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் போலீஸ். அவரையும், சங்கத்தின் செயலாளரான சுப்ரத சென்குப்தா என்ற எழுபது வயது தாண்டிய ஓய்வுபெற்ற பொறியாளரையும் கிழக்கு ஜாதவ்பூர் காவல் நிலையத்துக்குக் கொண்டு போய், இரவு முழுக்க லாக்கப்பில் வைத்தார்கள். மறுநாள் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அடித்தவர்களில் நாலு பேர் பிறகு கைதானார்கள், அவர்களும் சட்டென்று ஜாமீனில் வந்துவிட்டார்கள்.

பேராசிரியர் தரப்பு சொன்ன இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அந்தக் குடியிருப்பில் கட்டுமானப் பொருள் சப்ளை விஷயமாக உள்ளூர் ஆட்களோடு ஏற்கெனவே உரசல் இருந்ததாம். கொல்கத்தாவில் வீடு கட்டியவர்களுக்கு 'சிண்டிகேட்' என்ற வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. மணலும் செங்கல்லும் யாரிடம் வாங்குவது என்பதை இங்கே வீட்டுக்காரர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. ஆக, கேலிப் படம் காரணமா, சாக்கா? எனக்குச் சந்தேகம் உண்டு. பழைய மனஸ்தாபத்துக்கு ஒரு புது சட்டப் பிரிவு கிடைத்தது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பிரிவுதான் 66 ஏ. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தபோது இது இல்லை. அந்தச் சட்டம் எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு அவசியமான ஒன்று. மின்னணு ஆவணம் செல்லும், டிஜிட்டல் கையெழுத்து செல்லும் என்றெல்லாம் சொன்னது அதுதான். 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் ஒரு திருத்தம் நிறைவேறியது. 2009 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது. அதில்தான் 66 ஏ உள்ளே நுழைந்தது. மிகவும் புண்படுத்தும் செய்தி, பொய் என்று தெரிந்தே எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்க அனுப்பும் செய்தி இவற்றுக்கெல்லாம் 3 வருஷம் வரை சிறை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம்.

எரிச்சல்! எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர் கடிதங்களில் பாதி அந்தக் கணக்கில் சேரும் :-)

இந்த வாசகம் பிரிட்டனில் இருந்து வந்தது. அங்கே அதன் மூலம் 1935-ன் தபால் சட்டத் திருத்தம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்த பெண்களிடம் கன்னாபின்னாவென்று பேசுகிறவர்களைத் தண்டிக்கக் கொண்டுவந்தது. ஒருவர் இன்னொருவர் காதில் சொல்வதற்காக எழுதிய விதியை, ஊரே படிக்கிற இடத்தில் கொண்டு வந்து வைத்தால் என்ன ஆகும்? அளவு வேறு என்பதையே யோசிக்கவில்லை.

பேராசிரியர் மேல் 66 ஏ-யோடு இந்திய தண்டனைச் சட்டத்தின் 500 (அவதூறு), 509 (பெண்ணின் மானத்துக்குப் பங்கம்), உடந்தைக்கான 114 எல்லாம் போட்டார்கள். அவதூறு என்பது போலீஸ் தானாகப் போய்க் கைது செய்யும் குற்றமே அல்ல. பொதுவாகப் பாதிக்கப்பட்டவர்தான் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். இங்கே புகார் கொடுத்தது வட்டாரக் கட்சிக்காரர். மறைந்துபோனான் என்ற வசனத்தில் கொலைச் சதியைக் கண்டுபிடித்தவர்களும் இருந்தார்கள். குழந்தைகள் படத்து வசனத்தில்!

மாநில மனித உரிமை ஆணையத்தின் தலைவராக அப்போது இருந்தவர் சுப்ரீம் கோர்ட் முன்னாள் நீதிபதி ஏ.கே. கங்குலி. 2012 ஆகஸ்டில் அந்த ஆணையம், கைது தவறு, இருவருக்கும் தலா 50,000 ரூபாய் நஷ்டஈடு கொடுங்கள், சம்பந்தப்பட்ட போலீஸ் அதிகாரிகள் மேல் துறை நடவடிக்கை எடுங்கள் என்று பரிந்துரைத்தது. கும்பலிடமிருந்து காப்பாற்றத்தான் கூட்டிக்கொண்டு போனோம் என்ற போலீஸின் பதிலை ஆணையம் ஏற்கவில்லை. அரசு பரிந்துரையை ஏற்கவில்லை. 2015 மார்ச்சில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அதை நிறைவேற்றச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது.

அதே மார்ச் மாதம் 24-ம் தேதி டில்லியில் அந்தப் பெரிய தீர்ப்பு. ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி 2012-ல் போட்ட வழக்கு. நீதிபதிகள் செலமேஸ்வரும் நரிமனும் 66 ஏ-யை முழுசாகவே ரத்து செய்தார்கள். ஒரு கருத்தைப் பேசலாம், அதற்காக வாதாடலாம், அது எவ்வளவு கசந்தாலும் சரி. வன்முறைக்கோ குழப்பத்துக்கோ தூண்டும் கட்டத்தில்தான் சட்டம் கை வைக்கலாம் என்று கோடு போட்டார்கள். 'எரிச்சல்' என்ற சொல்லுக்கு அளவுகோல் எதுவும் இல்லை, எதை எழுதினால் குற்றம் என்று எழுதுகிறவனுக்கும் தெரியாது, பிடிக்கிறவனுக்கும் தெரியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

தூத்துக்குடித் தம்பி சொன்னது இதைத்தான். சரி, பிறகு என்ன நடந்தது?

வங்கியில் ஒரு சுற்றறிக்கை ரத்தானால் மறுநாள் காலை எல்லாக் கிளைக்கும் தகவல் வந்துவிடும். சிஸ்டத்தில் அந்த வசதியையே மூடிவிடுவார்கள். ரத்தான விதியின் கீழ் ஒரு கடன் கொடுத்தேன் என்று வையுங்கள், இன்ஸ்பெக்ஷனில் தோலை உரித்துவிடுவார்கள். 66 ஏ-க்கு அப்படி நடக்கவில்லை. நாலு வருஷம் கழித்து 2019 பிப்ரவரியில், தீர்ப்பின் நகலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் தலைமைச் செயலாளர்களுக்கும் டி.ஜி.பி.க்களுக்கும் அனுப்புங்கள் என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டி வந்தது. அதே வருஷம் மே மாதம் என்ன நடந்தது தெரியுமா? இதே கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹவுராவில், பா.ஜ.க. இளைஞர் அணியைச் சேர்ந்த பிரியங்கா சர்மாவை, நியூயார்க் மெட் காலா உடையில் மம்தாவின் முகத்தை ஒட்டிய படத்தைப் பகிர்ந்ததற்காகக் கைது செய்தார்கள். போட்ட பிரிவுகளில் 66 ஏ-யும் ஒன்று. செத்து நாலு வருஷம் ஆன பிரிவு! சுப்ரீம் கோர்ட் தலையிட்டுத்தான் வெளியே வந்தார்.

2021-ல் பி.யு.சி.எல். அமைப்பு மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2021 மார்ச் நிலவரப்படி 11 மாநிலங்களில் 745 வழக்குகள் இந்தப் பிரிவின் கீழ் நிலுவையில் இருப்பதாகக் கணக்குக் கொடுத்தது. நீதிபதி நரிமன் அதிர்ச்சி தெரிவித்தார். அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் ஒரு விளக்கம் கொடுத்தார்: சட்டப் புத்தகத்தில் 66 ஏ அப்படியே அச்சாகியிருக்கிறது, ரத்தானது என்பது அடிக்குறிப்பில் மட்டும்தான் இருக்கிறது, போலீஸ்காரர் அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2022 அக்டோபரில் தலைமை நீதிபதி லலித் அமர்வு, யார் மீதும் இனி இந்தப் பிரிவில் வழக்கு நடக்கக் கூடாது, நிலுவையில் உள்ளவற்றிலிருந்தும் நீக்குங்கள் என்று இன்னொரு தடவை உத்தரவு போட்டது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் 66 ஏ என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த எண் ஒரு கருவி. கையில் எடுத்தது பாரா. (பாரா என்றால் இங்கே நம் தெரு, பேட்டை மாதிரி, ஆனால் நம் பேட்டையைவிட ஒற்றுமையும் அதிகம், தலையீடும் அதிகம்.) புகார் கொடுக்கும் அளவுக்கு ஆள்பலம் உள்ளவர், அந்த ஆள்பலத்தைக் கண்டு பேனாவை எடுக்கும் ஸ்டேஷன், இந்த இரண்டும் இருக்கும்வரை ஒரு எண் போனால் இன்னொரு எண் வரும். பேராசிரியர் வழக்கே சாட்சி. 2021-ல் அலிப்பூர் நீதிமன்றம் 66 ஏ-யை நீக்கியது, ஆனால் 500-ம் 509-ம் தொடரும் என்றது. அவர் மேல்முறையீடு செய்து, 2023 ஜனவரியில்தான் முழுசாக விடுபட்டார்.

இது வங்காளத்து வியாதி என்று நினைத்துக்கொண்டு நம்மூர்க்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபர், அப்போதைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். விடிகாலையில் போலீஸ் வந்தது. எங்கள் கிளையில் டீ நேரத்தில் நான் பேசுவதைக் கேட்பவர்களே அதைவிட அதிகம். 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலாவை நெல்லை போலீஸ் சென்னைக்கு வந்து பிடித்துக்கொண்டு போனது. கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பற்றிய கார்ட்டூன் அது. அப்போது 66 ஏ செத்து இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. அதனால் 67-ஐ எடுத்தார்கள், ஆபாசத்துக்கான பிரிவு. சொன்னேன் அல்லவா, எண்தான் மாறும்.

2012 நவம்பரில் மகாராஷ்டிரா பால்கரில், பால் தாக்கரே மறைவுக்காக ஊர் கடையடைத்ததைப் பற்றி ஒரு பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார், தோழி லைக் போட்டார். இருவரும் கைது. எழுதிய பெண்ணின் உறவினருடைய மருத்துவமனையைக் கும்பல் சூறையாடியது. அங்கே ஆட்சி காங்கிரஸ் கூட்டணி. கட்சி வித்தியாசமெல்லாம் இல்லை, பாருங்கள்.

இப்படிச் சொன்னால் தங்கமணி ஒரு கேள்வி கேட்பார் (கேட்டார்): "அப்போ பெண்களைக் கண்டபடி எழுதறவனை என்ன செய்யறது? புரளி கிளப்பறவனை?" சரியான கேள்வி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், சென்னையிலிருந்து சாமி கும்பிடப் போன 65 வயது மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸப்பில் புரளி சுற்றிக்கொண்டிருந்த நேரம். அடித்தே கொன்றார்கள். இங்கே 2017 ஜூலையில் பாதுரியாவில் பள்ளி வயதுப் பையன் போட்ட ஒரு ஃபேஸ்புக் படத்துக்காகக் கலவரமே நடந்தது. பையனை உடனே கைது செய்தும் கூட்டம் அடங்கவில்லை. ஆகவே எழுத்தில் என்ன இருக்கிறது, விட்டுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கெல்லாம் 66 ஏ தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். அது பிறப்பதற்கு முன்பே, 2004-ல், சென்னை எழும்பூர் நீதிமன்றம் ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுமத்தில் அசிங்கமாக எழுதி அவர் போன் நம்பரையும் போட்ட ஆளுக்குத் தண்டனை கொடுத்தது. புகாரிலிருந்து தீர்ப்பு வரை சுமார் ஏழு மாதம். இந்தியாவில் அந்தச் சட்டத்தின் கீழ் கிடைத்த முதல் தண்டனைகளில் ஒன்று என்று சைபர் சட்ட வகுப்புகளில் சொல்வார்கள். பிரிவு 67, தண்டனைச் சட்டத்தின் 469, 509. இருந்த விதிகளை வைத்து ஒழுங்காக விசாரித்தார்கள், முடிந்தது. பாதிக்கப்பட்டது ஒரு தனி மனுஷி. பேராசிரியர் வழக்கில் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர் முதலமைச்சர். அவரிடம் பதில் சொல்ல மைக்கும் இருந்தது, மேடையும் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது சட்டத்தை எழுதியவர்களின் அசட்டுத்தனம்.

வெளியூரில் பிழைக்கும் நமக்கு இதில் தனியாக ஒரு கஷ்டம் உண்டு. கைதாகும் ஒரு இரவைவிட, நிலுவையில் நிற்கும் வழக்குதான் நம்மை வாட்டும். அரசு வங்கி அதிகாரி மேல் கிரிமினல் வழக்கு விசாரணையில் இருந்தாலே சஸ்பெண்ட் செய்ய விதி இடம் கொடுக்கிறது. பதவி உயர்வு கவரில் மூடி வைக்கப்படும். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம், நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி வர வேண்டும். துபாயிலோ டொரன்டோவிலோ இருப்பவர்களுக்கு விசா படிவத்தில் 'கைதானது உண்டா' என்ற கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளூர்க்காரருக்கு ஸ்டேஷன் வரை வர ஒரு மாமாவோ, கிளப் ஆட்களோ இருப்பார்கள். நமக்கு யார்? லேக் மார்க்கெட் பக்கம் போனால் நல்ல காபிப் பொடியும் முருங்கைக்காயும் கிடைக்கும், ராத்திரி பத்து மணிக்கு ஜாமீன்தாரர் கிடைப்பாரா? மகாபாத்ராவுக்கு மொத்தப் பல்கலைக்கழகமும் பின்னால் நின்றது. 2016-ல் அவர் பெஹாலா கிழக்குத் தொகுதியில் தேர்தலிலேயே நின்றார், தோற்றார் என்றாலும். அவருக்கே பதினோரு வருஷம்.

அதற்காக எங்கள் செக்ரட்டரி மாதிரி எல்லாவற்றையும் மூடு என்றும் எனக்குச் சொல்ல மனசில்லை. அவர் நல்ல மனுஷர், பயப்படுகிறார், பயப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஒரு கைது முப்பது வீடுகளைப் பத்து வருஷத்துக்கு மேல் வாய் மூட வைத்திருக்கிறது என்றால், தோற்ற வழக்கு தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

எனக்கு நம்பிக்கை தருகிற ஒரே விஷயம் கொஞ்சம் வறட்சியான விஷயம், நடைமுறை. வங்கியில் 'மேக்கர், செக்கர்' என்போம். ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் பார்த்து அனுமதித்தால்தான் பணம் நகரும். 2013 ஜனவரியிலேயே மத்திய அரசு, 66 ஏ கைதுக்கு உயர் அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்று ஆலோசனைக் கடிதம் அனுப்பியது. வெறும் ஆலோசனை, அதனால் பெரிதாகப் பலிக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173(3) என்று ஒன்று இருக்கிறது. 3 வருஷம் முதல் 7 வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து, விஷயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு எஃப்.ஐ.ஆர். போடலாம். 2025 மார்ச் 28 அன்று, காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி இணையத்தில் போட்ட ஒரு கவிதைக்காக குஜராத் ஜாம்நகரில் பதிவான வழக்கை ரத்து செய்த சுப்ரீம் கோர்ட், பேச்சு, எழுத்து சம்பந்தமான புகார்களில் இந்த வழியைப் பின்பற்றுவதே பொருத்தம் என்று சொல்லியிருக்கிறது. நியூ கரியாவில் அந்த இரவு இப்படி ஒரு செக்கர் இருந்திருந்தால், படத்தைப் பார்த்துவிட்டு, சிரித்துவிட்டு, இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

அந்தத் தீர்ப்பு எந்தெந்த ஸ்டேஷன் மேஜைக்குப் போயிருக்கிறது என்பதுதான் இப்போது கேள்வி. அதை வங்காளத்திலும் தமிழிலும் ஒரு பக்கத்துக்கு அச்சடித்து, ஒவ்வொரு காவல் நிலைய ரைட்டர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் வைக்க எவ்வளவு செலவாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் பதினோரு வருஷ வாய்தாக்களைவிடக் குறைவாகத்தான் வருகிறது. சென்குப்தா அந்த வாய்தாக்கள் முடிவதைப் பார்க்கவில்லை. 2023-ல் தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.